புத்தகத்தைத்தான் துடைச்சேன்

அந்த நாற்காலியில உக்காராதீங்க தங்கச்சி. ஏதோ சிந்திக் காய்ஞ்சு கிடக்கு. இங்க வாங்க, எம் பக்கத்துல. இதை நான் வந்ததுமே டெட்டால் போட்டுத் துடைச்சிட்டேன். பையில எப்பவும் ஒரு சின்ன பாட்டில் வச்சிருப்பேன். ஆஸ்பத்திரின்னு பேருதான், தரையைப் பாத்தா செருப்புக்கால் வைக்கக்கூட மனசு வரல.

இவரு உங்க வீட்டுக்காரரா, இவருக்கும் வாதம்தானா? இடது பக்கமா, அப்ப தப்பிச்சீங்க. எங்க சாருக்கு வலது பக்கம். வலதுன்னா பேச்சையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிருமாம். அந்த முதல் ரூம்லதான் இருக்காங்க, பேச்சுப் பயிற்சி. சொல்லிக்குடுக்கிறது ஒரு சின்னப் பிள்ளை. நேத்துதான் காலேஜ் முடிச்சு வந்த மாதிரி இருக்கா.

நான் எப்சிபா. எங்க ஊர்ல எப்சிபா டீச்சர்னா தெரியாதவங்க கிடையாது. தமிழ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனேன். எங்க வீட்டுக்காரங்களும் வாத்தியார்தான், கணக்கு. தங்கையா சார். ஊரு நாசரேத்துக்கு இந்தப் பக்கம். உங்க நெத்தியில பொட்டு இருக்கு, அதனால எங்க கோயில் சங்கதி உங்களுக்குப் புதுசா இருக்கும். சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம். பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம். நீங்க வேற ஐயரை நினைச்சுக்கிடாதீங்க.

ஒரு ஐயர் எங்களுக்கு வந்து வாய்ச்சாரு பாருங்க. பாலதாஸ் ஐயர்னு பேரு. அந்த ஆளை நினைச்சா இன்னிக்கும் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.

முதல்ல சாரைப் பத்திச் சொல்லணும். அப்பதான் உங்களுக்கு விளங்கும். எங்க கோயில்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வேதாகமத்துல இருந்து ஒரு பாடத்தை யாராவது முன்னால நின்னு வாசிக்கணும். எங்க சார்தான் வாசிப்பாங்க. நான் கல்யாணமாகி வந்த காலத்துலயே அவங்கதான். என்னா குரல் தெரியுமா. மைக் வேண்டாம். ஒரு எழுத்து பிசகாது. ல, ழ, ள மூணும் மூணாக் கேக்கும். தமிழ் டீச்சர் நான் சொல்லுதேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா ஜெபத்துக்கு முன்னால ஒரு அதிகாரம் வாசிக்கச் சொன்னாங்க. இவங்க வாசிச்சாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னேன், ஆளை நிமிந்துகூடப் பாக்கல. அந்தக் குரலுக்குத்தான் சரின்னு சொன்னேன்.

அந்தக் குரல் போயிருச்சு தங்கச்சி. ஒரு காலையில பல் விளக்கப் போனவங்க பாத்ரூம்லயே சரிஞ்சுட்டாங்க. பிழைச்சு வந்தாங்க. ஆனா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எச்சில் நிக்கிறதில்ல. ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பிச்சா, வார்த்தை வர்றதுக்கு முன்னால எச்சில் வந்துரும். உங்களுக்குச் சொல்லவா வேணும், நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க.

நான் ஒரு குறையும் வைக்கல. காலையில குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால இருக்கிற ரூம்ல கட்டிலைப் போட்டுக் குடுத்தேன். அங்க காத்தோட்டம் இருக்கு, முன் ஹாலுக்கு வாடையும் வராது. தனித் தட்டு, தனி டம்ளர். கையுறை போட்டுக்கிட்டுத்தான் ஊட்டுவேன். யாராவது பாக்க வந்தா முன்னாலயே எல்லாத்தையும் முடிச்சு, முகத்தைக் கழுவி, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்து விட்டிருவேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகல. அந்த மனுஷனை ஊரே வாயைப் பிளந்து கேட்டிருக்கு. அவங்க முன்னால எப்படிக் கொண்டு நிறுத்துறது? அதுக்குப் பதிலா செல்போன்ல வேதம் வாசிக்கிற ஆப் ஒண்ணை எம் மக போட்டுக் குடுத்தா. யாரோ ஒருத்தர் வாசிக்காரு. அவ்வளவு சுத்தம். ஒரு இருமல் கிடையாது, ஒரு செருமல் கிடையாது. மூச்சு இழுக்கிற சத்தம்கூட வராம வெட்டி எடுத்துட்டாங்களாம். வேதம்னா அப்படித்தான் இருக்கணும்னு நினைச்சுக்குவேன்.

அந்த நேரத்துலதான் பாலதாஸ் ஐயர் மாத்தலாகி வந்தாரு. நாப்பது வயசுகூட இருக்காது. புதன்கிழமை சாயந்தரம் வேதபாட வகுப்பு வைப்பாரு. வேதம் எப்படி எழுதப்பட்டுச்சுன்னு ஒரு மாசம் அதையே எடுத்தாரு. முதல் நாளே கேட்டாரு, கடவுள் இதை எப்படிக் குடுத்தாரு, யாராவது சொல்லுங்கன்னு. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. நான் எந்திரிச்சுச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல நான் சொல்லச் சொல்ல பிள்ளைக எழுதும்ல, அந்த மாதிரித்தான். கடவுள் சொன்னாரு, மனுஷங்க எழுதினாங்க. ஒரு புள்ளிகூட எழுதினவனோடது கிடையாது.

ஐயர் சிரிச்சாரு. நல்லாத்தான் சிரிச்சாரு, கிண்டலா இல்ல. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. அப்படி இல்ல டீச்சர்னு ஆரம்பிச்சாரு. ஆமோஸ்னு ஒருத்தர், ஆடு மேய்ச்சவரு, அவர் புத்தகத்துல சிங்கத்தோட வாயில இருந்து மேய்ப்பன் ஆட்டுக்காதைப் பிடுங்குறது வருது, ஏன்னா அவர் அதைக் கண்ணால பாத்தவரு. லூக்கா தன் புத்தகத்தோட முதல்லயே, கண்ணால பாத்தவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சு வரிசைப்படுத்தி எழுதுதேன்னு சொல்லுதாரு. டிக்டேஷன்னா விசாரிக்க என்ன இருக்கு? பவுல் ஒரு கடிதத்துல, நான் யார் யாருக்கு ஞானஸ்நானம் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டே வந்து, வேற யாருக்கும் குடுத்தேனான்னு ஞாபகம் இல்லைன்னு எழுதுதாரு. கடவுள் மறப்பாரா? மறந்தது பவுல். மறந்ததும் வேதத்துலதான் இருக்கு. கடவுள் அவங்க கையை மட்டும் வாடகைக்கு எடுக்கல, ஆளை முழுசா எடுத்தாரு, ஞாபகம், மறதி, கோவம், ஊர்ப்பேச்சு எல்லாத்தோடயும். மூச்சு அவரோடது, வாய் இவங்களோடது. அதனால இது முழுசா கடவுள் வார்த்தை, முழுசா மனுஷன் வார்த்தை. இப்படிப் போச்சு அவர் பேச்சு.

வீட்டுக்கு வந்து அந்தப் பவுல் எழுதினதை எடுத்துப் பாத்தேன். இருந்துச்சு. எத்தனை தடவை வேதத்தை முழுசா வாசிச்சிருக்கேன், அந்த வரி என் கண்ணுல பட்டதே இல்ல. ஒரு மனுஷன் மறந்துபோனதை எதுக்கு எழுதி வைக்கணும்? கோடு போட்டு அடிச்சு விட்டிருக்கலாம்ல. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. சுத்தமான சோத்துல யாரோ முடியைப் போட்ட மாதிரி இருந்துச்சு.

அடுத்த புதன்கிழமை இதுக்கும் மேல. இயேசு கடவுள்தான், ஆனா முழு மனுஷனாவும் இருந்தாரு, பசிச்சுச்சு, வேர்த்துச்சு, குழந்தையா இருந்தப்ப அவருக்கும் வாயில வடிஞ்சுதான் இருக்கும்னு ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல சில பேரு, கடவுளுக்கு மனுஷ உடம்பு அசிங்கம், அது வெறும் தோற்றம்தான்னு சொன்னாங்களாம். மரியாதைக்குத்தான் சொன்னாங்களாம். சபை அதைத் தப்புன்னு தள்ளிருச்சாம். வேதத்துல மனுஷனே இல்லைன்னு சொல்லுறதும் அதே தப்புதான்னு என்னைப் பாத்தே சொன்னாரு. என் பக்கத்துல இருந்த சொர்ணம் தலையை ஆட்டுதா. சொர்ணம் யாருன்னா, கோயில் கூட்டுற வேலை பாக்கிறவ. அவளுக்கு என்ன புரிஞ்சுச்சோ.

இதோட விட்டிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன். சாரைப் பாக்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. முன்கூட்டிச் சொல்லாம வருவாரு. நான் முகத்தைக் கழுவி விடுறதுக்கு முன்னாலயே நேரா பின் ரூமுக்குப் போயிருவாரு. ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில இருந்து வாங்கி, அவரே ஊட்டினாரு. வடிஞ்சதைத் தன் கைக்குட்டையால துடைச்சு, மடிச்சு, அங்கிப் பையில வச்சுக்கிட்டாரு. அதே அங்கியோடதான் நற்கருணை குடுக்காரு தங்கச்சி. அப்பம், திராட்சரசம், எல்லாம் அந்தக் கையால. நான் அடுத்த வாரம் நற்கருணை எடுக்கல. தலைவலின்னு சொல்லிட்டேன்.

கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் மணிக்கணக்கா இருப்பாங்க. சாரை வாசிக்க வைக்காருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வெளிய கேக்கும். வாசிப்பா அது? வாய் நிறைய தண்ணியை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. நடுநடுவுல சிரிப்புச் சத்தம். சார் சிரிச்சாங்க. என்ன சிரிக்க இருக்கு அங்க? நான் ஹால்ல போன் சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காரைக் கொண்டுவந்து நிறுத்தினாரு. சாரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. சார் அதுக்கு முன்னாலயே எந்திரிச்சு இடது கையால சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க. சரி, கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வரட்டும்னு விட்டேன். பாடம் வாசிக்கிற நேரம் வந்துச்சு. ஐயர் இறங்கி வந்து, சாரைத் தோள்ல தாங்கி, முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அந்தப் பெரிய வேதாகமம் விரிச்சு வச்சிருக்குமே, அதுக்கு முன்னால.  

அன்னிக்குக் குறிச்சிருந்த பாடம் வேற. சார் இடது கையால பக்கத்தைத் தள்ளித் தள்ளி, முப்பத்தெட்டாம் சங்கீதத்துல வந்து நிறுத்தினாங்க. சங்கீதம்னா வேதத்துல இருக்கிற ஜெபப் பாட்டு. ஐயர் தடுக்கல. எத்தனையோ நல்ல சங்கீதம் இருக்கு தங்கச்சி. மேய்ப்பன், புல்வெளி, தண்ணி, எவ்வளவோ இருக்கு. இது வியாதிக்காரன் அழுகிற சங்கீதம். என் புண்ணு அழுகி நாறுது, என் சினேகிதன் விலகிப் போறான், என் சொந்தம் எட்டி நிக்குதுன்னு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு நின்னு, மூச்சு வாங்கி, வாய் கோணி. ழ எங்க, ள எங்க. எல்லாம் ஒரே கொழகொழன்னு. முன்னால இருந்தவங்க அழுதாங்க. எதுக்கு அழுதாங்கன்னு எனக்குப் புரியல. சொந்தம் எட்டி நிக்குதுங்கிற இடத்துல சார் நிமிந்து ஜனங்களைப் பாத்தாங்க. அவங்க தம்பி ஒருத்தன் மதுரையில இருக்கான், ஆஸ்பத்திரியில ஒரு நாள் எட்டிப் பாத்ததோட சரி. அவனை நினைச்சுத்தான் பாத்திருப்பாங்க. அவன் அன்னிக்குக் கோயில்ல இல்ல.

அப்பதான் வடிஞ்சுது. நூல் மாதிரி இறங்கி, பக்கத்து மேல. வேதப் புத்தகத்து மேல.

என்னால உக்காந்திருக்க முடியல. நடுவழியில எல்லாரும் பாக்க நடந்துபோய், முந்தானையால அந்தப் பக்கத்தைத் துடைச்சேன். அது மெல்லிசுத் தாள். ஈரம் வேற. ஓரத்துல கிழிஞ்சுபோச்சு. பழி என் மேல. நான் அங்க இருக்கும்போதே இந்தச் சொர்ணம் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வந்தா. வந்து, தன் சேலைத் தலைப்பால சார் வாயைத் துடைச்சுவிட்டா. துடைச்சுட்டு என்னைப் பாத்துக் கேட்டா.

"ஏன் டீச்சர், சார் வாயைத் துடைக்கலையா?"

கோயில் கூட்டுறவ என்னைக் கேக்கா. வேதம் முதலா, வாய் முதலா? சொல்லுங்க. புத்தகத்தைத்தான் துடைச்சேன், அதுல என்ன தப்பு? அவ துடைச்சு முடிச்சதும் சார் மிச்சத்தையும் வாசிச்சு முடிச்சாங்க. நான் பக்கத்துலயே நின்னேன், என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஆராதனை முடிஞ்சு ஜனங்க கலையுற நேரத்துல ஐயரை வாசல்ல நிறுத்தினேன். அடக்கமாத்தான் கேட்டேன்.

"இது கடவுள் பேசின வார்த்தையா ஐயர்? ஒரு சீக்காளி கடவுள்கிட்டப் புலம்புறது. கடவுளுக்குப் புண்ணு நாறுமா?"

 அவர் மெதுவாச் சொன்னாரு.

"நாறியிருக்குமே டீச்சர். ஆணி அடிச்ச கை நாறாமலா இருந்திருக்கும்?"

அங்கேயே எனக்கு வாந்தி வந்துருச்சு. நிஜமாத்தான் சொல்லுதேன். வேப்பமரத்துக்குப் பின்னால போய் எடுத்தேன்.

அதுக்கப்புறம் சும்மா இருக்கலாமா? கோயில் கமிட்டியில நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் பேராயர்கிட்டப் போனேன். எங்க ஐயர்மாருக்கெல்லாம் மேல இருக்கிறவர் பேராயர். ஐயர் வேதத்தை மனுஷன் வார்த்தைன்னு போதிக்காருன்னு சொன்னேன். எச்சில்னு சொன்னாருன்னும் சொன்னேன். அந்த வார்த்தையை அவர் சொல்லல, ஆனா அர்த்தம் அதுதான? பேராயர் அவரைக் கூப்பிட்டு எங்க முன்னாலயே கேட்டாங்க. அவர் வாதாடவே இல்ல. கடவுள் வார்த்தைன்னு சொன்னேன், மனுஷன் வாயில வந்ததுன்னும் சொன்னேன், ரெண்டுல எதையும் குறைச்சுச் சொல்லலைன்னாரு. பேராயர் பெருமூச்சு விட்டுட்டு, இதுல தப்பு ஒண்ணும் இல்லையே டீச்சர், நாங்க எல்லாரும் படிச்சது இதுதானேங்காங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கூட்டம். ஆனா சபை ரெண்டுபடக் கூடாதுன்னு, ஐயரை மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊருக்கு மாத்திட்டாங்க. அது போதும் எனக்கு.

போறதுக்கு முன்னால சாரைப் பாக்க வந்தாரு. வாசல்லயே நிறுத்தி, தூங்குதாங்கன்னு சொல்லிட்டேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. உள்ள இருந்து கட்டில் சத்தம் கேட்டுச்சு, எந்திரிக்கப் பாத்திருப்பாங்க போல. ஐயருக்கும் கேட்டிருக்கும். என்னை ஒரு பார்வை பாத்தாரு, கும்பிட்டாரு, போயிட்டாரு. அவர் தொட்ட கேட்டுக் கம்பியைக் கழுவி விட்டேன்.

அதுல இருந்து வீடு அமைதியாயிருச்சு. சார் பேசுறதையே நிறுத்திட்டாங்க. ஒரு வார்த்தை கிடையாது. வேணும், வேண்டாம்னுகூடச் சொல்லுறதில்ல. ஊட்டினா சாப்பிடுவாங்க. டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, மூளையில புதுசா ஒண்ணும் இல்லையேங்காரு. எனக்குத் தெரியும், அது சாந்தம். மனசு அடங்கிருச்சு. காலையிலயும் சாயந்தரமும் போன்ல வேதத்தைப் போட்டுவிடுவேன். போட்டதும் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாங்க. அவ்வளவு பயபக்தியாக் கேப்பாங்க. எம் மகதான் பெங்களூர்ல இருந்துக்கிட்டு, அப்பாவைப் பேசவைக்காம என்னம்மா பண்ணுதேன்னு போன்ல சண்டை. அவ தொல்லைக்குத்தான் இங்க கூட்டிட்டு வாறேன்.

முதல் நாள் நானும் உள்ளதான் இருந்தேன். முகத்துக்கு நேரா உக்காந்து வாயைப் பாக்கணும், அவங்க சொல்லுறதைத் திருப்பிச் சொல்லணும், வீட்லயும் தினம் இப்படிச் செய்யணும்னு அந்தப் பிள்ளை சொன்னா. சார் வாயைத் திறக்கவே இல்ல. பாதியில அவ, நீங்க வெளிய இருங்கம்மான்னுட்டா. அது இங்க சட்டம் போல, கூட வந்தவங்க உள்ள இருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். கண்ணால பாக்கவேண்டிய கொடுமை இல்ல பாருங்க.

இந்தா, கதவு திறக்குது. என்ன பாப்பா, முடிஞ்சுதா? ஆட்டோவைக் கூப்பிடட்டுமா?

இன்னும் நேரமாகுமா? ஏன்?

பேசுதாங்களா? யாரு, எங்க சாரா?

சரிம்மா. சரி. நான் உள்ள வரல, இங்கேயே இருக்கேன்.

கேட்டீங்களா தங்கச்சி? நிறுத்தாமப் பேசிக்கிட்டு இருக்காங்களாம். அவங்களே வாசிக்கணும்னு எதையோ கேட்டு வாங்கியிருக்காங்களாம். இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னும், என்னை உள்ள அனுப்ப வேண்டாம்னும் சாரே சொன்னாங்களாம். இந்தப் பிள்ளைக்கு ஏதோ தப்பாக் கேட்டிருக்கு. வீட்ல ஒரு சொல் வர்றதில்ல, இங்க வந்து எப்படி வரும்? பீஸ் வாங்குறதுக்கு இப்படி ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

ரெண்டாம் ரூம்ல உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் கூப்பிடுதாங்க போல. கையைப் பிடிச்சு மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல விட்டுட்டு வந்துருங்க, நாம பேசிக்கிட்டு இருக்கலாம்.

எங்க, நீங்களும் உள்ள போறீங்களா? உங்க வீட்டுக்காரர் கையை விட மாட்டேங்காரா. சரி, சரி, போங்க. பை இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்.

பாப்பா, ஒரு நிமிஷம் இங்க வா. அவங்களை மட்டும் எப்படி உள்ள விட்டீங்க?